ஆலுக்கு ஊற்றிய மீன் தண்ணீர்

கஜானியின் ஆலமரம் ஒரு முழ உயரந்தான். பெரியகல்லாற்று வீட்டில் கிணற்றுக்கட்டு வெடிப்பில் முளைத்த கன்று அது. பிடுங்கி எறியச் சொன்னார் மாமியார் சின்னத்தங்கம். கஜானி பிடுங்கினாள், எறியவில்லை. தட்டைச் சட்டியில் நட்டு, கைபேசியில் பார்த்துப் பார்த்து நுனி கிள்ளிக் குட்டையாகவே வளர்த்தாள்.

“எங்கட மருமகள்ட நொண்டி மரம்” என்றுதான் மாமி வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். கறிவேப்பிலைக்கும் மாமரத்துக்கும் மீன் கழுவிய தண்ணீரை வாளியோடு சுமப்பவர், அந்தச் சட்டியை மட்டும் சுற்றிக்கொண்டு போவார்.

இந்த ஆவணியில் சட்டியின் துளையால் வேர் எட்டிப் பார்த்தது. மண் மாற்றியே ஆகவேண்டும். கஜானிக்கு அது முதல் தடவை. கணவன் விஜிதரன் கொடுத்த கிழிந்த வலைத்துண்டைத் துளைக்கு மேல் விரித்தாள். ஈர்க்கால் வேரைக் கோதிவிட்டு, நீண்டு சுருண்டவற்றைக் கத்தரித்தாள். செங்கல் நொறுங்கலும் கழுவிய ஆற்றுமணலும் கலந்து நிரப்பி, மரம் ஆடாமல் நைலோன் நூலால் கட்டி நிழலில் வைத்தாள். தளிர் விடும்வரை வெறும் தண்ணீர்தான், பசளை, உரம் எதுவும் கூடாது என்று படித்திருந்தாள்.

இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. கஜானிக்குச் சோறு இறங்கவில்லை.

“அம்மா சொன்ன நொண்டி இப்பதான் சரி. இதுக்கு முதல் நல்லாத்தானே நிண்டது,” என்றான் விஜிதரன்.

“நீங்க வாயை மூடுங்க.”

ஒரு நாள் காலை சட்டியில் ஈ மொய்த்தது. மண்ணில் மீன் செதில் மினுங்கியது. குனிந்து மணந்தாள்; மீன் கழுவிய தண்ணீர்.

“நான்தான் ஊத்தினன்,” என்றார் மாமி பின்னால் நின்று. “இலையெல்லாம் கொட்டிப்போட்டு நிக்குது. பாக்க ஏலாமக் கிடந்துது. மணலை மீன் கழுவின தண்ணிகா. கறிவேப்பிலைக்கும் குடுக்காமக் கொண்டந்தன்.”

கலியாணம் முடித்து வந்த நாள்முதல் கஜானியுடைய எதையும் மாமி இப்படிப் பார்த்ததில்லை. சொன்னால் அந்த மனம் முறியும். சொல்லாவிட்டால் நாளைக்கும் ஊற்றுவார்; மரம் போய்விடும்.

“மாமி, நல்ல சாப்பாடுதான் குடுத்திருக்கீங்க. ஆனா இதின்ட வேரெல்லாம் இப்ப பச்சைப் புண். எரியும்.”

மாமி வெறுங்கிளைகளையே பார்த்தார்.

“என்ட வயித்தை வெட்டினப்ப கஞ்சித்தண்ணிதான் தந்தாங்க,” என்றார் கடைசியில். “அப்ப இதை முதலே சொல்லியிருக்கலாமே.”

“நீங்க கேக்கல்லையே மாமி.”

“கேக்கல்லத்தான்.” மாமி கிணற்றடிக்கு நடந்தார். “வா, கழுவுவம்.”

கஜானி மேல்மண்ணை வழித்தெடுத்துச் சட்டியைச் சாய்த்துப் பிடித்தாள். மாமி அள்ளி அள்ளி மெல்ல ஊற்றினார். அடியால் வடிந்ததை உள்ளங்கையில் ஏந்தி மணந்து பார்த்தார்.

“இன்னும் மீன் வெடுக்கு நிக்குது. ஆட்டாமப் பிடி.”

அதன் பிறகு விடிந்ததும் மாமி முதலில் போவது அந்தச் சட்டிக்குத்தான். மழை இருட்டிய ஒரு காலையில் அவர் குரல் கேட்டது.

“கஜானி, இஞ்ச வாகா. நுனியில சிவப்பா ஒண்டு நிக்குது. காயமா, என்ன?”

கஜானி ஓடிப்போய்க் குனிந்தாள். இரண்டு தலையும் முட்டிக்கொண்டன.

“தளிர் மாமி.”

மாமி தலையைத் தடவிக்கொண்டே இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். “பொல்லாத மரம்,” என்றார். “இண்டைக்கு நான் ஊத்திறன். பயப்பிடாத, கிணத்துத் தண்ணிதான்.”