நகராத இரண்டு

பஞ்சாலைத் தீ விபத்தைப் பற்றிய முப்பத்தொன்பது புத்தகங்களும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அலமாரியிலிருந்து இறங்கி, கூடத்தைத் தாண்டி ஊர்ந்துபோய், ஒரே மெல்லிய புத்தகத்தின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டன. அடியில் கிடந்தது ஆலை முதலாளி அச்சடித்த வெள்ளிவிழா மலர். அந்த வீட்டு ஆராய்ச்சி மாணவிக்கு அது அதிசயமாகப் படவில்லை, எரிச்சலாக வந்தது. ஐந்து வருடமாக அந்தத் தீயோடுதான் அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். காவல்காரன் தூங்கியதால்தான் ஆலை எரிந்தது என்று அத்தனை புத்தகமும் சொன்னது. காவல்காரன் அவளுடைய அப்பா. எடுத்து அடுக்கினாள், மறுநாளும் போய்ப் படுத்தன. கயிறு போட்டுக் கட்டினாள். அலமாரியையும் இழுத்துக்கொண்டு போயின. எதைப் பார்த்து எழுதப்பட்டதோ அதனிடமே போய்ச் சேருகின்றன என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

நெறியாளரிடம் போனாள்.

"நாப்பது புக்கு சொல்லுது. உனக்கு மட்டும் என்னம்மா சந்தேகம்?"

"நாப்பது இல்ல சார், ஒண்ணுதான். மீதியெல்லாம் அதப் பாத்து எழுதினது. உங்க புக்கும் அதுமேலதான் சார் படுத்திருக்கு."

அவள் கையோடு கொண்டுவந்திருந்த தன் புத்தகத்தை அவர் திரும்ப வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அது உள்ளேயே முட்டிக்கொண்டிருந்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டில் அப்பா வேறு. "நான் இங்கதான குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். எழுதினவனுங்க என்னை வந்து கேட்டா வாய் வலிக்குமா?"

அவள் மட்டும் கேட்டுப் பதிவு செய்து வைத்திருந்தாள். 'கண்ணே மூடல' என்று அவர் சொன்ன கேசட் வைத்த இடத்தை விட்டு நகரவில்லை. ஒரு நிமிடம் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பார்த்தால், முதலாளியின் மலரும்தான் நகரவில்லை. நகராதது சொந்தச் சரக்கு, அவ்வளவுதான்; உண்மையா என்பது வேறு கதை. முதலாளிக்கு இன்சூரன்ஸ் வேண்டியிருந்தது, அப்பாவுக்கு வேலை. பொய் சொல்ல இருவருக்கும் காரணம் இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு, 'காவல்காரர் தூங்கினாரா என்பது தெரியவில்லை' என்று ஆய்வேட்டை எழுதி முடித்தாள். நெறியாளர் ஒரு வருடம் இழுத்தடித்துக் கையெழுத்துப் போட்டார். அப்பா மூன்று மாதம் பேசவில்லை.

ஆய்வேடு நூலகத்துக்குப் போய் அசையாமல் இருந்தது. சில வருடங்களில் புதுப் புத்தகங்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஊர்ந்துவந்து அதன் மேல் படுத்தது. எல்லாவற்றிலும் 'தெரியவில்லை' என்றே இருந்தது. கேசட்டை ஒருவரும் கேட்கவில்லை. அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டினாள். அவர் குவியலை மேலும் கீழும் பார்த்தார்.

"இத்தனை பேருக்கும் தெரியலயாமா?"

"ஆமாப்பா."

"நம்ம வீட்டு விலாசம் குடுத்திருந்தியா?"

"அடிக்குறிப்புலயே இருக்குப்பா."

நூலகர் தள்ளுவண்டியோடு வந்து இருவரையும் ஓரமாக நிற்கச் சொன்னார். குவியலை அள்ளிப் பழைய இடங்களில் அடுக்கினார். திங்கட்கிழமைதோறும் அவருக்கு அந்த வேலை இருந்தது.