சுவர் நகர்கிறது

முப்பத்தெட்டு நோட்டு திருத்தியதில் இங்கிலீஷ் டீச்சருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. வீட்டைப் பற்றி எழுது, மூன்று அணிகளாவது வரணும் என்பதுதான் பயிற்சி. அவள் திருத்துகிற முறையே தனி. எழுதியதைப் படிக்க மாட்டாள், அணியைத்தான் தேடுவாள். கண்ணில் பட்டதும் சிவப்பில் ஒரு கோடு, ஓரத்தில் அணியின் பெயர், அடுத்த நோட்டு.

பக்கத்து நாற்காலிக் கணக்கு சார் எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், நேர்கோட்டுக்குப் பத்துக்குப் பத்தா? சூரியன் மேற்கால உதிச்சிருச்சா?"

நேர்கோடு என்பது அந்தப் பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர். சுற்றி வளைத்துப் பேசவே தெரியாத பிள்ளை. 'அவள் மனம் கல்' என்பதில் என்ன அணி என்று கேட்டால், "அவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும் டீச்சர்" என்றவள். உவமையும் உருவகமும் அவள் மண்டையில் ஏறினதே இல்லை.

டீச்சர் சிரித்தபடியே நோட்டைத் திறந்தாள். 'எங்கள் சமையலறைச் சுவர் நகர்கிறது. என் கையை உள்ளே விடுகிறது. ராத்திரியில் வீடு முனகுகிறது.' மூன்றுக்கும் ஓரத்தில் டீச்சரே சிவப்பில் எழுதியிருந்தாள்: பெர்சானிஃபிகேஷன், உயிரில்லாததுக்கு உயிர் கொடுக்கும் அணி, அருமை.

சிரிப்பு பாதியில் நின்றது. நேர்கோட்டுக்கு அணியே எழுத வராதே. வகுப்பு வாசலுக்கு ஓடி நேர்கோட்டை வெளியே கூப்பிட்டாள்.

"சுவருக்குள்ள நிஜமாவே கை போகுதாம்மா?"

"அது முந்தாநேத்து டீச்சர். இப்ப முழங்கை வரைக்கும் போகுது."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"உங்ககிட்டதான் எழுதிக் குடுத்தேனே."

"இப்ப வீட்டுல யாரு?"

"அம்மா, ரெண்டு தங்கச்சிங்க. போன் அப்பாகிட்ட."

வழி கேட்டுக்கொண்டு, அவளை வகுப்பிலேயே இருக்கச் சொல்லிவிட்டு ஓடினாள். இரண்டு தெருதான். டீச்சருக்கு மூச்சு இரைத்தது, கால் பின்னியது, எதிரே வந்த சைக்கிள்காரன் திட்டியதுகூடக் காதில் விழவில்லை. மாடிப்படி ஏறும்போதே காலடியில் மணல் நறநறத்தது. சமையலறையில் அம்மா கரண்டியோடு நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால், சுவரின் பிளவு வழியே பக்கத்து வீட்டு வெளிச்சம் தெரிந்தது.

"வெளிய வாங்கம்மா. பிள்ளைங்களைத் தூக்குங்க."

"ஞாயித்துக்கிழமை சிமெண்ட் பூசறேன்னு ஓனர் சொல்லியிருக்காரு டீச்சர். அடுப்புல பால் இருக்கு, ஒரு நிமிஷம்."

 டீச்சர் தூங்கிக்கொண்டிருந்த சின்னதை அள்ளித் தோளில் போட்டாள், பெரியதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். "எங்க தூக்கிட்டுப் போறீங்க?" என்று கத்திக்கொண்டே அம்மா பின்னால் ஓடிவந்தாள்.

தெருவைத் தாண்டவில்லை, பின்னால் ஏதோ பெருமூச்சு விட்டாற்போல இருந்தது. அப்புறம்தான் சத்தம். சமையலறை ஜன்னல் வழியாகப் புழுதி பொங்கியது. தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன.

அம்மா கரண்டியைக் கீழே போட்டாள். பிள்ளைகளின் தலையைத் தொட்டு, ஒண்ணு, ரெண்டு என்றாள். டீச்சர் அவள் தோளில் கை வைத்து, "எல்லாரும் இருக்காங்கம்மா" என்றாள். அம்மா அதைக் கேட்கவில்லை. திரும்பவும் முதலில் இருந்து, ஒண்ணு, ரெண்டு.