அலசாமல் வைத்த தட்டு

கேண்டீனக்கா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "அந்தப் பாத்திரம் கழுவற மெஷின் வண்டியில ஏறினா நானும் ஏறுவேன். இல்லன்னா நீங்க மட்டும் ஊர் சுத்திட்டு வாங்க."

ஆஸ்பத்திரி கேண்டீனில் பாத்திரம் கழுவியே பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். வேலையை விட்ட பிறகும் பேர் அவளை விடவில்லை. தெருவே அவளைக் கேண்டீனக்கா என்றுதான் கூப்பிட்டது. சோப்புத் தண்ணீர் இரண்டு கையையும் தின்று தீர்த்திருந்தது. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. "இனிமே தண்ணில கையை ஊறவிட்டீங்கன்னா மருந்து வேலை செய்யாதும்மா" என்று தோல் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீட்டில் மருமகள் கழுவினாள். வண்டியில் மருமகள் வரமாட்டாளே.

அவள் புருஷன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். "காலமெல்லாம் அடுத்தவங்களை இறக்கிவிட்ட இடத்துல, ஒருநாளாவது நாமளும் இறங்கணும்" என்று ஒரு பழைய வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்து கேரவன் ஆக்கிக்கொண்டிருந்தார். மெஷின் என்றதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இருக்கறது ரெண்டு பேரு. ரெண்டு தட்டு. கொசு அடிக்கக் கோடாலியா? வண்டியில இருக்கறது தண்ணித் தொட்டிம்மா, கிணறு இல்ல."

"ரெண்டு தட்டா? வாணலியை உங்க அத்தை வந்து கழுவுவாளா? நீங்க நெனச்ச நெனச்ச நேரத்துக்கெல்லாம் குடிக்கிற டீ கப்பெல்லாம் யார் கணக்கு?"

"நான் கழுவறேன்னுதானே சொன்னேன்!"

சொன்னார், உண்மைதான். ஒருநாள் கழுவியும் காட்டினார். அவர் அந்தப் பக்கம் போனதும் அவள் அத்தனையையும் எடுத்துத் திரும்பக் கழுவினாள்.

வண்டிக்குள் பலகை அடித்துக்கொண்டிருந்த மரவேலைக்காரர் தலையை நீட்டினார். "அக்கா, இந்த மூலையில ஒண்ணுதான் நிக்கும். மெஷின் இல்லன்னா அலமாரி. ரெண்டும் வேணும்னா அண்ணன் வெளியிலதான் படுக்கணும்."

"அதுவும் நல்ல யோசனைதான்," என்றாள் அவள்.

கடைசியில் ஒரு ஒப்பந்தம். மெஷினைத் தற்காலிகமாக முடுக்கி வைப்பது. ஒரு பயணம் போய்ப் பார்ப்பது. ஒருதரம் நிரப்பிய தொட்டித் தண்ணீர் மறுநாள் பொழுது சாயும்வரை வந்தால் மெஷின் நிற்கும். வராவிட்டால் அதைக் கழற்றிவிட்டு அலமாரி.

ஏரிக்கரையில் இப்படிப்பட்ட வண்டிகள் தங்குவதற்கென்றே ஒரு மைதானம் இருந்தது. முதல்நாள் சாயங்காலம் டிரைவர் தொட்டியை நிரப்பி, கரண்டு இழுத்துக் கொடுத்தார். அவள் முட்டை பொரித்தாள், சாப்பிட்டார்கள். பிறகு தட்டுகளை லேசாக அலசி, வாணலியைச் சுரண்டி அலசி, கப்புகளை ஒவ்வொன்றாகக் குழாயில் காட்டி, மெஷினில் அழகாக அடுக்கினாள். கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தியதும் அது பூனை மாதிரி உறுமியது. அவள் கட்டிலில் சாய்ந்து ராணி மாதிரி கால் நீட்டினாள்.

விடிந்ததும் குளியலறையிலிருந்து சத்தம் வந்தது.

"ஏம்மா! தண்ணி நின்னுபோச்சு!"

தலை நிறைய சோப்பு நுரையோடு டிரைவர் கதவிடுக்கில் முகத்தை நீட்டினார். கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆனாலும் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. துண்டால் துடைத்த கையோடு போனை எடுத்து மரவேலைக்காரரை அழைத்தார். "தம்பி, அலமாரிக்குப் பலகையை அறுத்துடு."

அவள் இறங்கி வண்டிப் படியில் உட்கார்ந்தாள். இனி என்ன? ஊரெல்லாம் சுற்றினாலும் ஒவ்வொரு வேளையும் அந்தச் சிங்க் முன்னால்தான். இல்லாவிட்டால் எங்கும் போகாமல் வீட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கை எரிந்தது. பழக்கத்தில் களிம்பை எடுத்துப் பிதுக்கியவள் சட்டென்று நிறுத்தினாள்.

பாத்திரம் கழுவாத கை எதற்கு எரிய வேண்டும்?

விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நேற்று செய்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். தட்டை அலசினாள். வாணலியை அலசினாள். கப்பை அலசினாள். மெஷினுக்குள் அழுக்குப் பாத்திரம் என்று ஒன்றுமே போகவில்லை! எச்சில் தட்டை அப்படியே உள்ளே வைத்துக் கதவைச் சாத்த அவள் கை கூசியிருக்கிறது. கழுவின பாத்திரத்தைத்தான் மெஷின் ராத்திரி மறுபடி கழுவியிருக்கிறது.

எழுந்து உள்ளே போனாள். "என்னங்க, மெஷின் குடிச்சது கொஞ்சம். குழாயைத் திறந்துவிட்டு முழுங்கினது நான்."

விஷயத்தைக் கேட்டு டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப கழட்ட வேண்டியது மெஷினை இல்ல, உன்னை!"

"என்னைக் கழட்ட உங்களால ஆகாது. தொட்டியை நிரப்புங்க. இன்னொரு தரம் பாத்துடுவோம்."

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்பாங்க. உன்னால அலசாம வைக்க முடியுமா?"

"நிரப்புங்கன்னேன்."

அன்று சாயங்காலம் சாப்பிட்டு முடித்ததும் அவள் முதலில் செய்த வேலை, சிங்க்கை அதன் மூடிப் பலகையால் மூடியது. பலகைமேல் தன் கைப்பையைத் தூக்கி வைத்தாள். மிச்சம் மீதியைக் காகிதத்தால் வழித்துக் குப்பையில் போட்டாள். முட்டை பிசுபிசுத்த தட்டைக் கையில் எடுத்தபோது கை தானாகக் குழாய்ப் பக்கம் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். மஞ்சள் கறையோடு தட்டு உள்ளே போனது. பிறகு வாணலி. உடம்பெல்லாம் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. விடவில்லை.

டிரைவர் கடைசி டீயைக் குடித்துவிட்டு கப்போடு வந்தார். சிங்க் மூடிக் கிடப்பதைப் பார்த்துத் தயங்கினார்.

"அடியில டீத்தூள் நிக்குதே. லேசா அலசிட்டு..."

"அப்படியே வைங்க."

"நீதானே இத்தனை வருஷமா, அலசாம வைக்காதே வைக்காதேன்னு என் உயிரை எடுத்தே?"

"இப்ப வைக்கச் சொல்லி எடுக்கறேன். வைங்க."

வைத்தார். அவள் கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினாள்.

காலையில் டிரைவர் தாராளமாகக் குளித்தார். மத்தியானச் சமையலும் ஆயிற்று. வெயில் ஏரியின் அந்தப் பக்கம் இறங்கும்போது அவர் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. மூடிவிட்டு, நம்பாமல் மறுபடி திறந்தார்.

"போதும், அதையும் வீணாக்காதீங்க," என்றாள் அவள்.

அவர் மெஷினைத் திறந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தட்டு பளபளத்தது. வாணலியும் பழுதில்லை. கடைசியில் ஒரு கரண்டியை எடுத்து நீட்டினார். "பாரு, இதுல முட்டை ஒட்டியிருக்கு!"

அவள் கரண்டியை வாங்கினாள். விரல் ஒரு கணம் குழாயை நோக்கித் துடித்தது. பிறகு கரண்டியை மெஷினுக்குள்ளேயே திரும்பப் போட்டாள்.

"ராத்திரி அது மறுபடி கழுவிக்கும். நீங்க தம்பிக்குப் போன் போடுங்க."

எதிர்முனையில் மரவேலைக்காரர் அலறினார். "பலகையை அறுத்துட்டேனேண்ணே!"

டிரைவர் பெருமூச்சு விட்டார். "அறுத்தது அறுத்ததாவே இருக்கட்டும் தம்பி. நான் வெளியில படுக்க ஒரு பெஞ்சு செஞ்சுடு."

கேண்டீனக்கா அதைக் கேட்டுச் சிரித்தபடி இறங்கினாள். களிம்பு பூசிய, ஈரம் படாத கைகளை வீசிக்கொண்டு ஏரியைப் பார்க்க நடந்தாள்.