டைம்கீப்பர் வீட்டுப் பால்

குழந்தை தன் முஷ்டியையே தின்றுவிடுவது போலச் சப்பிக்கொண்டிருந்தது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பால் கொடுக்க இன்னும் நேரம் ஆகவில்லை. அவள் புருஷன் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். அங்கே எந்த பஸ்ஸும் அவன் சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. அந்தக் கடுப்பையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து, பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத மகளுக்கு டைம்டேபிள் போட்டிருந்தான். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, பக்கத்துக்குப் பத்து நிமிஷம். நேரம் தப்பிக் கொடுத்தால் அடி. கொடுக்காமல் குழந்தை கத்தினாலும் அடி. போன வாரம் வாங்கியதில் அவளுக்கு இடது காது இன்னும் கொய்யென்று இரைந்தது.

"அந்தக் கடியாரத்தை விடும்மா. புள்ளையோட கையைப் பாரு" என்றாள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த நர்ஸ். பிள்ளை பெற்றவர்களின் வீடு தேடிப் போய்ப் பால் கொடுக்கச் சொல்லித்தருவது அவள் வேலை. "பசிச்சா இப்படி இறுக்கி மூடிக்கும். வயிறு நெறைஞ்சா தானா விரிஞ்சிரும்."

"எனக்குப் பாலே இல்லக்கா."

"யாரு சொன்னா?"

அவள் கண் தராசுக்குப் போனது. சற்றுமுன் நர்ஸ் கொக்கித் தராசில் தூளி கட்டிப் பார்த்தபோது குழந்தை போன வாரத்தைவிட எடை குறைந்திருந்தது. இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். இரும்புத் தராசு பாயில் கிடந்தது.

நர்ஸ் குழந்தையின் வயிற்றை அவள் வயிற்றோடு ஒட்டிப் படுக்கவைத்தாள். வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்து, மார்போடு சேர்த்தாள். சிறிது நேரத்தில் குழந்தை மடக் மடக்கென்று விழுங்கியது. மறுபக்கம் ரவிக்கை நனைந்தது.

"இல்லேன்னியே, இது என்ன, குழாய் ஒழுகுதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் மாடிப்படிக்குக் கீழே புருஷனின் பைக் வந்து நிற்கும் சத்தம். அவள் தோள்கள் காதுவரை ஏறின. விழுங்கும் ஓசை நின்றது. குழந்தை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, காம்பை உதறிவிட்டு வீறிட்டது.

"எப்பவும் இப்படித்தானா?" என்று நர்ஸ் மெதுவாகக் கேட்டாள்.

எப்போதும் இப்படித்தான்; அவன் வரும் சத்தம் கேட்டதும் பால் நின்றுவிடும். அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. உதவாக்கரை உடம்பு என்று இத்தனை நாள் தன்னையே கரித்துக்கொட்டியிருக்கிறாள். அவளுக்கு ஆத்திரம் வந்தது.

உள்ளே வந்தவன் யாரையும் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தான்.

"மணி என்ன? கேக்குறேன்ல, மணி என்னடி?"

"சார், புள்ள பசிச்சு அழுதுச்சு..." நர்ஸ் எழுந்தாள்.

அவன் மனைவியின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். கடிகாரம் விழுந்து நொறுங்கியது. கையைப் பிடித்துத் தடுத்த நர்ஸைத் தள்ளிய வேகத்தில் அவள் வாய் ஜன்னல் கம்பியில் இடித்து, ரத்தம் கொட்டியது.

"அந்தச் சனியனை இங்க குடு" என்று குழந்தையின் ஒரு காலைப் பிடித்து இழுத்தான்.

இத்தனை நாளும் அவள் குழந்தையை அணைத்துக்கொண்டு முதுகைத்தான் காட்டியிருக்கிறாள். இன்று திரும்பினாள். கைக்குத் தராசு அகப்பட்டது. முதல் அடி அவன் மணிக்கட்டில் விழுந்தது. குழந்தையின் கால் விடுபட்டது. இரண்டாவது அடி அவன் இடது காதில். அவன் மண்டியிட்டுச் சரிந்த பிறகும் ஒன்று வைத்தாள். அது தேவையில்லைதான்; ஆனாலும் வைத்தாள்.

நர்ஸ் அவளை வெளியே இழுத்துப்போட்டுக் கதவை வெளிப்பக்கம் தாழிட்டாள். பாதிப் படி இறங்கியதும், அதற்குமேல் இருவருக்கும் கால் நகரவில்லை. அங்கேயே உட்கார்ந்து நர்ஸ் ரத்தத்தைத் துப்பித் துப்பிப் போனில் போலீஸுக்கு முகவரி சொன்னாள். இவள் குழந்தையை மார்பில் போட்டாள்.

மேலே கதவு அதிர்ந்தது. "தொறடி! வந்தேன்னா கொன்னுடுவேன்!"

தோள்கள் மறுபடி ஏறின. குழந்தை வெறுமனே சப்பியது. தாழ்ப்பாளின் திருகு ஒன்று கழன்று ஒவ்வொரு படியாக உருண்டு வந்தது.

"மூச்ச விடும்மா" என்று நர்ஸ் அவள் தோளை அழுத்தினாள். "கதவைப் பாக்காத. கையைப் பாரு."

பார்த்தாள். கதவு மறுபடி இடிபட்டது. மடக்கென்று ஓர் ஓசை. பிறகு இன்னொன்று. குழந்தையின் சுண்டுவிரல் முதலில் நிமிர்ந்தது, அப்புறம் அடுத்த விரல். சிறிது நேரத்தில் உள்ளங்கை முழுதாக விரிந்து அவள் மார்பில் படிந்தது. அவளுடைய வலது கை மட்டும் தராசை விடவில்லை.