வராந்தாவில் கேட்ட பாடம்

அமுதவல்லி டீச்சரின் கைபேசிக்கு ஒரு திங்கட்கிழமை கல்வித்துறையிலிருந்து படிவம் வந்தது. ஆசிரியர்கள் எல்லாரும் தங்கள் கல்விக் கொள்கையை நூறு சொற்களில் எழுதி அனுப்ப வேண்டுமாம். பத்தொன்பது வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவரைப் பிடித்து, உங்கள் கொள்கை என்ன என்று கேட்டால் பாவம், என்ன சொல்வார்? ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்ததை அப்படியே எடுத்து ஒட்டி அனுப்பிவிட்டார். ஒவ்வொரு குழந்தையும் ஒரு மலர் என்று அது தொடங்கியது. முழுசாகப் படிக்கக்கூட இல்லை. கூச்சமும் வரவில்லை.

கொஞ்ச காலமாகவே அவருக்கு எதுவும் வருவதில்லை. துக்கம் என்று சொல்லும்படி ஒன்றும் நடந்துவிடவில்லை. கோவில்பட்டியில் பஸ் ஏறுவார், இடைசெவல் தாண்டி இறங்குவார், பலகையில் எழுதுவார், அழிப்பார், திரும்பப் பஸ் ஏறுவார். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை டைல்ஸ் போட்டிருந்தார்கள். கரிசக்காட்டு ஊரில் வெள்ளைத் தரை போட யாருக்குத்தான் புத்தி போனதோ. எங்கள் மண் மழையில் சும்மா ஒட்டாது. காலுக்கு ஒரு கிலோ ஏறிக்கொண்டு கூடவே வரும், குச்சியால் சுரண்டினாலும் பாதி நிற்கும். தொட்டித் தண்ணீரோ குடிக்கவே காணாது, கால் கழுவ எங்கே போவது. ஐப்பசியில் மழை பிடித்ததும் டீச்சர் ஒரு சட்டம் போட்டார்: காலில் மண்ணோடு வருகிறவர்கள் வராந்தாவில் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும். தார்ரோட்டில் வருகிற பிள்ளைகளுக்குக் கவலையில்லை. பருத்திக்காட்டு வழியாக வருகிற நான்கு பேரில் மூன்று பேர் மழைநாளில் வருவதையே விட்டுவிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பொன்மணி மட்டும் விடாமல் வந்தாள். வாசலுக்கு வெளியே சாக்கை விரித்து மூன்று வாரம் உட்கார்ந்தாள்.

மாதத் தேர்வும் அந்த மழைக்குள்தான் வந்தது. பலகையில் ஐந்து கணக்கு எழுதிப்போட்டார் டீச்சர். பொன்மணி எல்லாவற்றையும் அரைகுறையாக எழுதி நிறுத்தியிருந்தாள். முட்டை போட்டுவிட்டு, அவளுடைய அம்மா இசக்கியம்மாளை வரச்சொல்லி, பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

இசக்கியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நிறுத்திருதேன் டீச்சர். குளத்தூர்ல எந் தங்கச்சி கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு களையெடுக்கப் போக முடியாமக் கெடக்கா. இவ போயிப் பிள்ளையப் பாத்துக்கிடட்டும். திங்கக்கெழம கூட்டிட்டுப் போறேன்."

சரி என்று டீச்சர் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம், மதிப்பெண் ஏற்றுவதற்காகத் தாள்களைப் புரட்டியபோது பொன்மணியின் தாள் கைக்கு வந்தது. 36 × என்று இருந்தது. அடுத்தது 48 ×. அதற்கடுத்தது 125 ×. ஐந்து கணக்கும் ஒரே இடத்தில் நின்றிருந்தன. சோம்பேறிப் பிள்ளை இவ்வளவு ஒழுங்காகச் சோம்பாது. டீச்சர் எழுந்து வராந்தாவுக்குப் போய், அவள் உட்காரும் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வகுப்புக்குள் வாசலோரம் நின்ற பீரோ பலகையின் பாதியை மறைத்தது. வலப்பக்கம் ஓர் எழுத்தும் தெரியவில்லை. பத்தொன்பது வருஷத்தில் பிள்ளைகள் உட்காரும் இடத்திலிருந்து ஒருநாள்கூட அவர் பலகையைப் பார்த்ததில்லை.

பஸ்ஸை விட்டுவிட்டுப் பருத்திக்காட்டு வழியே நடந்தார். இசக்கியம்மாள் வீட்டு வாசலில் நின்று, மூச்சு வாங்கச் சொன்னார்.

"தப்பு எம்மேலதாம்மா. அவ இருந்த எடத்துலருந்து பலக தெரியல. நான் கவனிக்கல. பிள்ளையக் குளத்தூருக்கு அனுப்பாதீங்க."

இசக்கியம்மாள் மகளிடம் திரும்பினாள். "ஏட்டி, தெரியலன்னு டீச்சர்ட்ட சொல்ல வேண்டியதான?"

"வெளிய இருக்கவுக கேக்கக் கூடாதுல்லா" என்றாள் பொன்மணி. குறையாகச் சொல்லவில்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலத் தெளிவாகச் சொன்னாள்.

அமுதவல்லி அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே கற்றுக்கொடுத்திருந்தார். இந்த மூன்று வாரத்தில் அவர் நடத்திய பாடங்களில் அந்தப் பிள்ளைக்கு முழுசாகத் தெரிந்தது அது ஒன்றுதான். படிவத்தில் ஒட்டி அனுப்பிய மலர் இல்லை, அவருடைய கொள்கை இதுதான். நாலே சொல்லில் முடிந்துவிட்டது. அப்போதுதான் அவருக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது.

இசக்கியம்மாள் டீச்சர் பக்கம் திரும்பினாள். மெதுவாகக் கேட்டாள்.

"திங்கக்கெழம பள்ளிக்கூடத்துக்கே அனுப்புதேன். மழ பேஞ்சாலும் உள்ள உக்கார வைப்பியளா டீச்சர்?"

அமுதவல்லி தலையை மட்டும் ஆட்டினார். இசக்கியம்மாளுக்கு அது போதவில்லை. டீச்சர் வாயைத் திறந்து சொல்லும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.