பதினோரு கையெழுத்து

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் தையல்நாயகி மாவு மில் வைத்துப் பதினோரு வருஷம். இடம் ஜெயவேலுவுடையது. ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் வரிசையாக ஆறு கடை கட்டி, வாடகையில் காலாட்டிக்கொண்டு சாப்பிடுகிற மனிதர்.

மில் நடத்தப் பஞ்சாயத்து லைசென்ஸ் வேண்டும். அதை வருஷா வருஷம் மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும். அதற்கு இடத்துக்காரரின் சம்மதக் கடிதம் வேண்டும். முதல் வருஷமே ஜெயவேலு ஒரு நிபந்தனை போட்டார். வாடகைக்கு விட்டது தெரிந்தால் கட்டடத்துக்கு வரியைத் தீட்டிவிடுவார்களாம். அதனால் தையல்நாயகி அவர் தங்கச்சி, சும்மா கொடுத்த இடம், வாடகை கிடையாது என்று அவளும் ஆபீஸில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வருஷா வருஷம் போட்டாள். மாதம் தவறாமல் வாடகையும் கொடுத்தாள், ரசீது இல்லாமல்.

கூத்தைப் பாருங்கள், வரிக்காகச் சொன்ன உறவு மெல்ல ஒட்டிக்கொண்டது. அவள் மகளுக்குக் காது குத்தியபோது குழந்தையை ஜெயவேலு மடியில்தான் உட்கார வைத்தார்கள். அவளும் அண்ணா அண்ணா என்று உருகினாள், பைத்தியக்காரி.

தொண்ணூற்று மூன்று மார்ச்சில் ஒரு மருந்துக்கடைக்காரர் வந்து மில் இருந்த கடைக்கு மூன்று பங்கு வாடகை பேசினார். அவ்வளவுதான். ஜெயவேலு கடிதம் தராமல் இன்று நாளை என்று இழுத்தடித்தார். லைசென்ஸ் போனால் மில்லை மூட வேண்டியதுதான். கணவர் படுத்த படுக்கை, வீட்டில் உலை கொதிப்பதே அந்த மில்லால். முப்பத்தோராம் தேதி காலையில் தையல்நாயகி பஞ்சாயத்து ஆபீஸில் போய் நின்றாள்.

கிளார்க் பட்டாபிராமன் நல்ல மனுஷர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஃபைலைப் பிரித்தார். பதினோரு கையெழுத்தும் அவளுடையவை. ஜெயவேலுவுக்கு ஆள் அனுப்பினார். வந்தவர் நாற்காலியில் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டார்.

"என் தங்கச்சி சார். கடைய வுட்டுத் தரேன்னு அதுவே சொல்லிகினு கீது. அண்ணன் தங்கச்சிக்குள்ள இன்னாத்துக்கு கடுதாசி?"

பட்டாபிராமன் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"அம்மா, பழசெல்லாம் விடுங்க. மாசா மாசம் வாடகை குடுக்கறேன்னு இப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க, எழுதிக்கறேன். வாடகைக்கு இருக்கறவங்கன்னு ஆயிட்டா, லைசென்ஸுக்கு நான் வழி பண்றேன். அவருக்கு வரி ஏறும், அது அவர் பாடு. சொல்லுங்க, இவர் உங்க அண்ணனா?"

தையல்நாயகிக்குப் பயமும் இல்லை, கோபமும் இல்லை. நெஞ்சு மரத்துப் போயிருந்தது.

"ஆமா சார், அண்ணன்தான்" என்றது வாய்.

பதினோரு வருஷமாக அதே மேஜைக்கு முன்னால் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில், மனசைக் கேட்காமலே வந்துவிட்டது. திருத்திச் சொல்லியிருக்கலாம். பட்டாபிராமன் பேனாவை மூடாமல் வெகுநேரம் காத்துக்கொண்டுதான் இருந்தார். அவள் மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நினைத்தால் வயிறு எரிகிறது, வேறென்ன சொல்ல.

வெளியே வந்ததும் ஜெயவேலு மொபெட்டைத் தள்ளிக்கொண்டே, மெஷினை எப்போது எடுப்பாய் என்று கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிடுகிறேன் அண்ணா என்றாள். ஏறி உட்கார்ந்தவர் காலை ஊன்றிக்கொண்டு திரும்பினார்.

"இன்னொண்ணும்மா. இனிமே அண்ணன் கிண்ணன்னு கூப்புடாத. மருந்துக்கடைக்காரு காதுல வுழுந்தா, நாளைக்கு நீ உரிமை கொண்டாடினு வருவியோன்னு நெனைப்பாரு. பேஜாராப் பூடும்."

"சரிங்க" என்றாள் தையல்நாயகி.