கைக்குட்டையால் துடைத்த காசு

லண்டனின் கிழக்கே அப்மின்ஸ்டருக்கு அப்பால், அறுவடை முடிந்த கோதுமை வயலில் றோஸ்மலரின் உலோகம் தேடும் டிடெக்டர் கத்தியது. இரும்பென்றால் கரகரக்கும், இது மணிபோலத் தெளிவாக ஒலித்தது. முழந்தாளிட்டு ஒரு சாண் ஆழம் கிண்டினாள். மண்கட்டிக்குள் மெல்லிய வெள்ளிக்காசு ஒன்று குத்திட்டு நின்றது. போத்தல் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். முதலாம் எலிசபெத் ராணியின் முகம், தலைக்குப் பின்னால் சின்ன ரோசாப்பூ. திருப்பினால் கேடயம், அதற்கு மேலே 1573 என்று பளிச்சென்று தெரிந்தது. வயல்காரரிடம் அனுமதி வாங்கி மூன்று வருடமாகத் தேடியவளுக்கு அதுவரை கிடைத்ததெல்லாம் பொத்தானும் ஈயக்குண்டும்தான்.

வேலியோரம் மடக்குக் கதிரையில் இருந்த கணவரிடம் ஓடினாள். ஜெராட், லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் மினிகாப் என்னும் வாடகைக் கார் ஓட்டுபவர். ஞாயிறுகளில் அவளைக் காரில் கூட்டி வருவதும், கிடைத்ததைத் தரம் பார்ப்பதும் அவர் பொறுப்பு. ராணியின் கூந்தல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, விளிம்பை யாரும் வெட்டியிருக்கிறார்களா என்று லென்ஸில் பார்த்து அவர் சொன்னால், டிடெக்டர் கிளப்பில் ஒருவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். பழைய வெள்ளியை யாராவது துணியால் தேய்த்தால் மட்டும் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். ஒட்டியிருக்கும் மணல் கீறிவிடும், தரம் இறங்கிவிடும் என்பார்.

அவர் காசை வாங்கி லென்ஸைக் கண்ணில் வைத்தார். வெயில் பக்கம் திரும்பினார். தலையைச் சரித்துப் பார்த்தார்.

“மண் அப்பிக் கிடக்கு. வருஷம் தெரியேல்லை,” என்றார்.

அவள் வாய் திறப்பதற்குள் கைக்குட்டையை எச்சிலில் நனைத்து அழுத்தித் தேய்த்தார். பார்த்துவிட்டு மறுபடியும் தேய்த்தார்.

றோஸ்மலர் காசை விட்டு அவர் கண்களைப் பார்த்தாள். இத்தனை மாதமாகக் கண்டும் பொருட்படுத்தாததெல்லாம் இப்போது ஒன்றாக வந்தது. போனில் வந்த மெசேஜை அவளை வாசிக்கச் சொன்னது, தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றியது, கார்க் கண்ணாடியை யாரோ இடித்துவிட்டதாகச் சொன்னது.

“இஞ்சருங்கோ, என்ரை முகம் தெரியுதோ?”

அவர் லென்ஸைக் கீழே இறக்கினார். “நேரை பார்த்தால் நடுவில மறைக்குது. கரையாலதான் தெரியும்.”

ஒரு வருடமாக இப்படித்தானாம். இனித் திருத்த ஏலாது, லைசன்ஸ் ஒஃபிசுக்கு அறிவிக்கவேண்டும் என்று கண் டொக்டர் அப்போதே சொல்லியிருக்கிறார். அந்தக் கடிதத்தைக் கார் டிக்கியில் ஒளித்து வைத்திருந்தார். ஐம்பத்தாறு வயதில் வேலை இல்லாமல் வீட்டுக்குள் இருப்பதை நினைக்கவே பயமாக இருந்ததாம்.

நேற்றுக் காலை பக்கத்து வீட்டுச் சுவர்ணாவின் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு ஏற்றிப் போனீர்களா என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றார்.

“நான் மெதுவாத்தான் ஓடுறனான், றோஸ்.”

“திறப்பைத் தாங்கோ.”

அவர் கார்ச் சாவியைத் தந்தார். அவளுக்குக் கார் ஓடத் தெரியாது. வயல்காரரின் முற்றத்திலேயே காரை விட்டுவிட்டு, பஸ் நிறுத்தம் வரைக்கும் ஒற்றையடிப் பாதையில் நடந்தார்கள். பள்ளம் வந்த இடங்களில் அவள் முழங்கையை அவர் பிடித்துக்கொண்டார். ஒரு வருடமாக இந்தப் பயத்தை அவர் என்னிடம் சொல்ல முடியாதபடி நான் என்ன செய்தேன் என்று அவள் யோசித்துக்கொண்டே நடந்தாள்.

பஸ்ஸில் அவர் காசைப் பற்றிக் கேட்டார். ராணியின் காது தெரியுதா, கூந்தல் இழை பிரிஞ்சு நிக்குதா, எழுத்து முழுக்க இருக்குதா என்று ஒவ்வொன்றாகக் கேட்க, அவள் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

“நல்ல காசு. வெரி ஃபைன் எண்டு தரம் போட்டிருக்கலாம்,” என்றவர், சற்றுப் பொறுத்து, “கனக்கக் கீறிப்போட்டனோ?” என்றார்.

இல்லை என்று சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது.

“ஓம். முகம் முழுக்க.”

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை லைசன்ஸை ஒப்படைக்கும் கடிதத்தை அவளே எழுதினாள். அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு இருவரும் சுவர்ணா வீட்டுக்குப் போய், அந்தத் தாயிடம் உண்மையைச் சொன்னார்கள்.